பிஸ்டலுக்கும் தோட்டாவுக்கும் பொருத்தம் பார்த்தாச்சா?

தமிழ்ப் படத்தில் நாயகனின் துப்பாக்கி சிக்கி நான் பார்த்ததே இல்லை. வில்லன் நெற்றிக்குக் குறிவைக்கும்போது மட்டும் ‘டிக்’ என்று சத்தம் வரும், சுடாது. இயக்குநருக்குக் கைகொடுக்கும் அந்த ‘டிக்’, துப்பாக்கிச் சுடும் வீரர்களுக்கு உண்மையான பயம்.

வானொலியில் விளையாட்டுச் செய்தி வாசிப்பதால் இந்தப் போட்டிகளை நான் விடுவதில்லை. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் நம் அலியா சஸானா அசஹாரி வெண்கலம் வென்றது பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டலில். ஆண்களுக்கான ரேபிட் ஃபயர் இன்னும் பரபரப்பு. ஐந்து இலக்குக்கு ஐந்து தோட்டா. முதலில் 8 வினாடி, அப்புறம் 6, கடைசியில் 4. ஒலிபரப்பில் 4 வினாடி மௌனம் விழுந்தால் எங்கள் தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் எழுந்து நின்றுவிடுவார். அந்த 4 வினாடிக்குள் ஐந்து முறை சுட வேண்டும். நடுவில் ஒன்று சிக்கினால்?

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலுக்குத் தனியாக மோட்டார் எதுவும் கிடையாது. தோட்டா வெடிக்கும் வேகமே மேல்பகுதியைப் பின்னால் தள்ளி, காலிக்கூட்டை வெளியே எறிகிறது. ஸ்பிரிங் அதை முன்னால் கொண்டுவரும்போது அடுத்த தோட்டா ஏறுகிறது. மருந்தின் வேகம் குறைந்தால் காலிக்கூடு வாசலிலேயே மாட்டிக்கொள்ளும். கூடினால் பாகங்கள் அடிபட்டுத் தேயும். சுடுபவர் மணிக்கட்டைத் தளரவிட்டாலும் வேகம் கையிலேயே வீணாகி, அதே சிக்கல்தான். ரிவால்வரில் இந்தத் தொல்லை இல்லை. ஒன்று வெடிக்காவிட்டால் மறுபடி ட்ரிகரை இழுத்தால் போதும், சிலிண்டர் சுழன்று அடுத்தது வந்துவிடும். சிங்கப்பூர் போலீசார் பல காலம் ரிவால்வரை வைத்திருந்துவிட்டு அண்மை ஆண்டுகளில்தான் கிளாக் பிஸ்டலுக்கு மாறினார்கள்.

1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் நடத்திய சோதனையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கோல்ட், சாவேஜ் என இரண்டு பிஸ்டல்கள். ஒவ்வொன்றிலும் 6,000 தோட்டாக்கள். சாவேஜ் 37 முறை தகராறு செய்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த கோல்ட்டில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் அந்தக் கோல்ட், உருண்டை மூக்குள்ள, உலோக உறை போர்த்திய குண்டுக்காகவே பிறந்தது. பிற்காலத்தில் அதே பழைய பிஸ்டலில் முனையில் குழியுள்ள ‘ஹாலோ பாயிண்ட்’ தோட்டாவைப் போட்டவர்கள் சங்கடப்பட்டார்கள். மொட்டை முனை, ஏறும் சரிவில் முட்டி நின்றுவிடும். உடலுக்குள் விரிந்து நின்றுவிடுவதால், பின்னால் நிற்கும் அப்பாவியைத் துளைக்கும் அபாயம் குறைவு என்று பல நாட்டுப் போலீசார் விரும்புவது இந்த வகையைத்தான். அதனால் புதிய பிஸ்டல்களில் அந்தச் சரிவையே மாற்றி வடிவமைக்கிறார்கள். எனக்குக் கேட்டால், ஒரு துப்பாக்கியை ‘நம்பகமானது’ என்று சொல்பவரிடம் எந்தத் தோட்டாவோடு என்று முதலில் கேட்க வேண்டும்.

ஒலிம்பிக் 25 மீட்டர் பிஸ்டலில் பாயும் குண்டு வெறும் 2.6 கிராம் ஈயம்; .22 அளவு. முன்பு ரேபிட் ஃபயரில் இன்னும் குட்டையான .22 தோட்டாவுக்கு இடமிருந்தது. 2005 விதிமாற்றத்துக்குப் பின் நீளமான வகைதான். பற்றவைக்கும் ரசாயனம் கூட்டின் அடி விளிம்புக்குள் சுற்றிப் பூசப்பட்டிருக்கும். பூச்சு ஓரிடத்தில் விட்டுப்போய், சுத்தி அங்கேயே விழுந்தால் ‘டிக்’. குண்டின் மேலுள்ள மெழுகும் கரியும் சேர்ந்து தோட்டா அமரும் இடத்தை அடைத்துக்கொள்ளும். போட்டியில் அப்படி நேர்ந்தால் வீரர் பிஸ்டலை இலக்குப் பக்கமே பிடித்தபடி இன்னொரு கையைத் தூக்க வேண்டும். பழுது வீரரின் கவனக்குறைவா, இல்லையா என்று நடுவர் முடிவு செய்வார். பாதுகாப்புப் பூட்டைத் திறக்க மறந்திருந்தால் மறுவாய்ப்பு கிடையாது.

இதற்காகத்தான் பெரிய வீரர்கள் கடைக்குப் போய் ஒரே தயாரிப்பில் பல லாட்டுகளை வாங்கி, தங்கள் பிஸ்டலில் சுட்டுப் பார்க்கிறார்கள். ஒன்று ஒத்துப்போனால், பெட்டியில் அச்சிட்ட அதே லாட் எண்ணில் கிடைப்பதையெல்லாம் வாங்கி அடுக்கிவிடுகிறார்கள். அந்த எண் தீர்ந்ததும், மறுபடி முதலிலிருந்து.