36 சென்டிமீட்டர் வெட்டியெடுத்தால்...

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி வரிசையாக வரும் தோல் ஊர்களில் இரும்புப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. தோல் பதனிடும் பெரிய மர டிரம்கள் மணிக்கணக்கில் சுழல்பவை. ஷாஃப்ட் தேயும், பல்சக்கரம் உடையும், இரும்புப் பட்டை தளரும். அவற்றைச் சரிசெய்ய லேத்தும் வெல்டிங் மெஷினும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். போதாக்குறைக்கு ராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலையே இருக்கிறது. இப்படிப்பட்ட வட்டாரத்தில் ஓர் இளைஞர் பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "அண்ணே, இதைக் குட்டையாக்கி மணல்ல ஓட்டற பக்கி கட்டணும்" என்றால், "முடியாது தம்பி" என்று சொல்லும் பட்டறை அபூர்வம்.

முடியும்தான். ஆனால் கட்டிங் வீலைக் கையில் எடுக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்: இந்தக் காரில் வெட்டுவதற்குச் சேசிஸ் என்று ஒன்று இருக்கிறதா?

காரைக் குட்டையாக்கி மணலில் ஓட்டும் மோகத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர் கலிஃபோர்னியாவின் புரூஸ் மேயர்ஸ். ஃபைபர் கிளாஸில் படகு செய்து பழகிய கை. 1964-ல் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் எடுத்து, தானே வார்த்த ஃபைபர் உடலில் பொருத்தி முதல் 'மேயர்ஸ் மாங்ஸ்' வண்டியைக் கட்டினார். அந்த முறையில் செலவு கட்டுப்படியாகவில்லை. அதனால் அடுத்து வந்த வண்டிகளுக்குப் பீட்டிலின் அடித்தளத்தையே எடுத்து, நடுவில் பதினாலேகால் அங்குலத்தை, அதாவது சுமார் 36 சென்டிமீட்டரை வெட்டியெடுத்துவிட்டு மீண்டும் இணைக்கும் வழிக்கு வந்தார். 1967-ல் அவரும் டெட் மாங்கல்ஸும் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தை லா பாஸிலிருந்து டிஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் கடந்து, மோட்டார் சைக்கிள்காரர்கள் வைத்திருந்த சாதனையை முறியடித்தார்கள். அதற்குப் பிறகு வீட்டுக் கொல்லைகளில் பீட்டில்கள் அறுபடத் தொடங்கின. மேயர்ஸைக் காப்பியடித்த கம்பெனிகளுக்குக் கணக்கே இல்லை. காப்புரிமை வழக்கிலும் அவர் தோற்றார். 2021-ல், 94 வயதில் காலமானார்.

ஏன் குட்டையாக்க வேண்டும்? பீட்டிலின் முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையே 240 சென்டிமீட்டர். அதில் 36 போனால் மிச்சம் 204. மணல்மேட்டின் உச்சியில் வண்டியின் வயிறு தட்டி மாட்டிக்கொள்வதுதான் பெரிய தலைவலி. வயிறு தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், நீளமான வண்டி தாண்டக்கூடிய மேட்டின் கோணம் சுமார் 19 டிகிரி. குட்டை வண்டிக்கு 22 டிகிரி. திரும்பும் வட்டமும் சிறுக்கும், எடையும் குறையும்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதைப் பலரும் யோசிப்பதில்லை. 600 கிலோ எடையும் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும் உள்ள வண்டி ஓரளவு பலமாக பிரேக் பிடிக்கும்போது, பழைய நீளத்தில் பின் சக்கரங்களிலிருந்து சுமார் 75 கிலோ பாரம் முன்னுக்கு நகரும். குட்டையாக்கிய பிறகு அதே பிரேக்குக்கு 88 கிலோ நகரும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இதே கணக்கு தலைகீழாகி முன் சக்கரங்களின் பிடி குறையும். கூடுதலாக இன்னும் 20 சென்டிமீட்டரை வெட்டினால் வண்டி பார்க்க அழகாக இருக்கும் என்று ஆசைப்படுபவர்கள், முதல் மேட்டில் மூக்கு தூக்கும் வண்டியைத்தான் கட்டியிருப்பார்கள்.

பீட்டில் இதற்கு வாகாக அமைந்தது தற்செயல்தான். அதன் நடுவில் முதுகெலும்புபோல ஓர் இரும்புச் சுரங்கம் ஓடுகிறது, இருபுறமும் தரைத்தகடு. மேலே உள்ள உடலைப் போல்ட் கழற்றித் தூக்கி வைத்துவிடலாம். ஆனால் அந்தச் சுரங்கத்துக்குள் கியர் ராடு, கிளட்ச் கேபிளின் குழாய், ஆக்சிலரேட்டர் கேபிளின் குழாய், பெட்ரோல் குழாய் எல்லாம் போகின்றன. வெளிச்சுவரை அழகாக ஒட்டிவிட்டு உள்ளே கேபிள் குழாய் இரண்டு மில்லிமீட்டர் விலகி நின்றால், கிளட்ச் கேபிள் அந்த விளிம்பில் உரசி உரசியே அறுந்துபோகும். கியர் ராடையும் அதே அளவுக்குக் குறைத்து, முறுக்கம் இல்லாமல் ஒட்ட வேண்டும்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். இந்திய வீடுகளில் துருப்பிடித்து நிற்கும் பழைய கார்கள் எவை? அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, மாருதி 800. மூன்றிலுமே தனிச் சேசிஸ் கிடையாது. தரை, கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பட்டை, தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைச் சுமக்கின்றன. இவற்றின் கூரையை அறுத்தெறிந்து, நடுவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு ஒட்டினால், மிஞ்சுவது வளையும் தகரத் தட்டு. எவ்வளவு கெட்டிக்கார வெல்டராலும் அதைக் காப்பாற்ற முடியாது. பாரம் போகும் பாதையையே அறுத்தாகிவிட்டது.

தனிச் சேசிஸோடு கார் செய்த ஆலை ஒன்று தமிழ்நாட்டிலேயே இருந்தது என்பது பலருக்கு மறந்திருக்கும். வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையில் 1961 முதல் வெளிவந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டுதான் அது. பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டுக்கு இந்தியப் பிறப்பு. அதே சேசிஸின் சக்கர இடைவெளியை 91½ அங்குலத்திலிருந்து 83-க்குக் குறைத்துத்தான் டிரையம்ஃப் நிறுவனமே ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கியது. அப்போது சேசிஸின் பக்கச் சட்டங்களை எடுத்துவிட்டார்கள்; பதிலுக்கு உடலின் பக்கப் பெட்டிப் பட்டைகளைப் பாரம் தாங்கும்படி வடிவமைத்தார்கள். ஒன்றை எடுத்தால் அதன் வேலையை வேறொன்றுக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஆலைக்கும் பட்டறைக்கும் ஒரே கணக்குதான். ஹெரால்டு இன்று பாதுகாக்க வேண்டிய பழம்பொருள். அதை வெட்டச் சொல்ல மனம் வராது. ஏணி மாதிரியான சேசிஸ் வேண்டுமென்றால் மஹிந்திரா ஜீப்போ மாருதி ஜிப்ஸியோதான்.

ஏணிச் சேசிஸை வெட்டும் வேலையில் முக்கால்வாசி, வெட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சேசிஸைச் சமதளமான இரும்பு மேசையில் போல்ட் போட்டு இறுக்கி, ரசமட்டம் வைத்து, நான்கு சஸ்பென்ஷன் புள்ளிகளுக்கும் குறுக்கு அளவு எடுத்துச் சுவரில் எழுதிவைக்க வேண்டும். இடது முன்புறத்திலிருந்து வலது பின்புறம் ஓர் அளவு, வலது முன்புறத்திலிருந்து இடது பின்புறம் ஓர் அளவு. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சேசிஸ் நேர். வெட்டும் இடம் ஸ்பிரிங் தொங்கும் இடத்துக்கோ எஞ்சின் மவுன்டுக்கோ பக்கத்தில் வரக்கூடாது.

வெட்டை நேர் செங்குத்தாகப் போடுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் பிழை. ஷூ தைக்கும் ஆம்பூர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும்: நெருக்கமான தையல் துளைகள் ஒரே நேர்க்கோட்டில் விழுந்தால் தோல் அந்தக் கோட்டிலேயே கிழியும். சேசிஸிலும் மேல் பட்டையின் இணைப்பும் கீழ்ப் பட்டையின் இணைப்பும் ஒரே கோட்டில் நிற்கக்கூடாது. பக்கச்சுவரைச் சாய்வாகவோ படிபோலவோ வெட்ட வேண்டும். இடது சட்டத்தின் இணைப்புக்கு நேர் எதிரே வலது சட்டத்தின் இணைப்பும் வராமல் சற்றுத் தள்ளி அமைய வேண்டும். உள்ளே வலுவூட்டும் தகட்டின் முனைகளையும் கூராகச் சரித்து முடிப்பது நல்லது. சதுரமாக முடித்தால் தகடு நிற்கும் இடத்திலேயே அழுத்தம் குவிந்து, புது இணைப்பு நன்றாயிருக்க, பக்கத்துப் பழைய இரும்பு விரியும்.

உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது இழுக்கும். ஒரு பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டால், காலையில் நேராக இருந்த சேசிஸ் மாலையில் வாழைப்பழமாக வளைந்திருக்கும். அதனால் முதலில் நாலு பக்கமும் சிறு புள்ளிகளாக டேக் வைத்து, குறுக்கு அளவை மறுபடி பார்த்து, பிறகு எதிரெதிர்ப் பக்கங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்ட வேண்டும். ஆர்க் வெல்டிங் என்றால் சாதாரண 6013 ராடைவிட 7018 ராடு இத்தகைய பாரம் தாங்கும் இணைப்புக்கு ஏற்றது. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சக்கூடியது. சூடுபடுத்தி உலர்த்தாமல் பயன்படுத்தினால் வெல்டு விரிசல் விடும். பேட்டரியைக் கழற்றுவதும் பெட்ரோல் டேங்கை வண்டியிலிருந்தே எடுத்து அப்புறப்படுத்துவதும் முதல் வேலை. காலி டேங்க் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. உள்ளே நிற்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

சேசிஸ் குறைந்தால் புரொப்பல்லர் ஷாஃப்டும் குறைய வேண்டும். அதை லேத்தில் ஏற்றி வெட்டி ஒட்டி, பேலன்ஸ் செய்யாமல் மாட்டினால் வேகத்தில் அதிர்ந்து கிராஸ் ஜாயின்ட்டைத் தின்றுவிடும். பிரேக் குழாயைப் பாதியில் வெட்டி ஒட்டுவது கூடவே கூடாது, புதுக் குழாய்தான்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, நம் பக்கத்து ஆர்வலர்களுக்கு மிகப் பொருத்தமான வழி வெட்டுவதையே விட்டுவிடுவதுதான் என்று தோன்றுகிறது. அதற்கு முன்மாதிரியும் தமிழ்நாட்டிலேயே உண்டு. கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன் 1980-களின் பிற்பகுதியில், மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உள்ளூரிலேயே கட்டினார். அந்த ஃபார்முலா மாருதியில்தான் நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கி, 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார். 1995-ல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைச் சுமக்கிறது.

மாருதி 800-இல் எஞ்சின், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் முன்பக்கம் ஒரே கட்டாக இருக்கின்றன. அந்தக் கட்டை அப்படியே தூக்கி, புதிதாகக் குழாயில் செய்த கூண்டின் பின்பக்கம் வைத்தால் பக்கி தயார் என்பார்கள். அவ்வளவு சுலபமில்லை. முன் சக்கர ஹப்புகள் திரும்புவதற்கென்றே செய்யப்பட்டவை; பின்னால் போனதும் அவற்றின் ஸ்டீரிங் கைகளைக் கூண்டோடு பூட்டியாக வேண்டும். முன் சக்கர பிரேக்தான் எப்போதும் பலமானது. அது பின்னால் போய்விட்டால் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். இரண்டு பக்கத்துக்கும் பிரேக் பங்கீட்டைப் புதிதாகக் கணக்கிடாமல் ஓட்டக்கூடாது.

கூண்டு எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள வேலூர்க்காரர்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1984-ல் தொடங்கிய காட்பாடி வி.ஐ.டி.யின் மாணவர் அணிகள் 'பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா' போட்டிக்காக இத்தகைய வண்டிகளைக் கட்டிவருகின்றன. 1976-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்த போட்டி இது. இந்தியாவில் 2007 முதல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் நடந்தது. மாணவர்கள் தாங்களே வடிவமைத்த வண்டி நான்கு மணி நேரம் மேடு பள்ளத்தில் ஓடித் தாக்குப்பிடிக்க வேண்டும்.

விதிகள் கறாரானவை. பிரதானக் குழாய் 1 அங்குல விட்டமும் 3 மில்லிமீட்டர் சுவரும் கொண்டதாகவோ, அதற்கு நிகரான வலிமையும் விறைப்பும் உடையதாகவோ இருக்க வேண்டும். அணிகள் பலவும் எடுப்பது 29.2 மில்லிமீட்டர் விட்டமும் 1.65 மில்லிமீட்டர் சுவரும் உள்ள குரோமோலி எஃகுக் குழாய். விறைப்பு கிட்டத்தட்ட அதேதான். எடையோ மீட்டருக்கு 1.66 கிலோவிலிருந்து 1.12 கிலோவாக இறங்குகிறது. ஓட்டுநரின் ஹெல்மெட்டுக்கும் கூண்டுக்கும் இடையே 6 அங்குல இடைவெளி வேண்டும். ஓட்டுநர் 5 நொடிக்குள் வெளியே குதித்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட அருமையான விதி வெல்டருக்கானது. கூண்டில் கை வைக்கும் ஒவ்வொருவரும் தன் கையாலேயே இரண்டு மாதிரி இணைப்புகள் செய்து காட்ட வேண்டும். ஒன்று செங்கோணத்தில், அதை உடையும்வரை இழுப்பார்கள். உடைவது குழாயாக இருக்க வேண்டும், வெல்டாக இருக்கக்கூடாது. இன்னொன்று 30 டிகிரிச் சாய்வில். அதை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்துப் பார்ப்பார்கள். வெளியே மீன்செதில் அடுக்கியதுபோல் அழகாக இருந்த வெல்டு, உள்ளே வேர் வரை இறங்காமல் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பது அப்போது கண்ணுக்கு முன்னால் தெரிந்துவிடும். நம் பட்டறைகளிலும் பக்கி கட்டும் எவரும் இந்த ஒரு சோதனையைக் கட்டாயம் கடன் வாங்கிக்கொள்ளலாம். செலவு, இரண்டு துண்டுக் குழாய்.

வண்டி கட்டியாயிற்று, எங்கே ஓட்டுவது? சாலையில் முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் அடிப்படை வடிவத்தை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. வறண்டு கிடக்கும் பாலாற்று மணல் கண்ணை இழுக்கும். ஆனால் தோல் கழிவால் பாழாகி 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன ஆறு அது; இன்னமும் ஊர்களுக்குக் குடிநீர் தரும் கிணறுகள் அதன் மடியில்தான் இருக்கின்றன. அங்கே எண்ணெய் சிந்தும் வண்டியை இறக்குவது நியாயமில்லை. சொந்த நிலமோ, அனுமதி பெற்ற பந்தயக் களமோதான் இடம்.

முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு எல்லா இணைப்பையும் சாயம் விட்டுச் சோதிக்க வேண்டும். வெல்டைத் துடைத்துச் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, சில நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுத்து, மேலே வெள்ளை டெவலப்பரை அடித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலில் இறங்கியிருந்த சாயம் சிவப்புக் கோடாக மேலே வரும். அப்படி ஒரு கோடு தெரிந்தால் அதன்மேல் இன்னோர் அடுக்கு வெல்டு பூசுவது பட்டறை வழக்கம். அது விரிசலை மூடி மறைக்கத்தான் உதவும். கோடு மறையும்வரை கிரைண்டரால் தோண்டியெடுத்து, மறுபடி சாயம் விட்டுப் பார்த்து, அதற்கப்புறம்தான் வெல்டிங்.