தேயிலை வரியும் தோட்டப் பாடசாலையும்

வரவு செலவுத் திட்டத்தை ஆராய்வோர், கல்விக்கு எத்தனை கோடி, சுகாதாரத்திற்கு எத்தனை கோடி என்று தொகையையே பெரும்பாலும் வினவுவர். அத்தொகை யாரைக் கணக்கிற் கொண்டு பகுக்கப்பட்டது என்னும் வினா அரிதாகவே எழுகின்றது. மஸ்கெலியாத் தோட்டப் பாடசாலைகளின் வரலாற்றை நோக்குவார்க்கு அவ்வினாவே முதலில் எழும்.

சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் பெருமுயற்சியால் 1945ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தேயிலை ஏற்றுமதித் தீர்வை அக்காலத்து அரசிறையின் முக்கிய ஊற்றுக்களுள் ஒன்றாயிருந்தது. ஆயினும் அத்தேயிலையைக் கொய்தோரின் பிள்ளைகள் இலவசக் கல்வியின் எல்லைக்குப் புறம்பாகவே நின்றனர். 1920ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஆறு முதற் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளின் கல்வியைத் தோட்டத் துரைமாரின் பொறுப்பில் விட்டிருந்தது. அப்பொறுப்பு அங்கேயே தங்கிற்று. 1947ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அரசாங்கம் அவற்றைக் கையேற்க வழி வகுத்த போதிலும், கையேற்கப்பட்டவை மிகச் சிலவே. உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்ற 1960இலும் தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன.

இதன் விளைவைக் கணக்கு முறையால் விளக்கலாம். அரசாங்கப் பாடசாலையாகப் பதிவு பெறாத ஒன்றிற்கு ஆசிரியர் பதவிகள் இல்லை. பதவி இல்லாவிடத்துச் சம்பளத்திற்குப் பணமும் ஒதுக்கப்படுவதில்லை. நிதியமைச்சர் கல்விக்கு இருமடங்கு ஒதுக்கினும், ஓராசிரியர் ஐந்து வகுப்புக்களையும் ஒரே கூடத்தில் வைத்துக் கற்பித்த நிலை மாறியிராது.

இனி, வாக்குரிமையையும் இதனோடு வைத்து நோக்கல் வேண்டும். 1953இல் அரிசி கொத்தொன்றின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலை மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆந் திகதி நாடு ஹர்த்தாலாற் கொந்தளித்தது. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். சமூகச் செலவைக் குறைப்பின் ஆட்சியே ஆட்டங்காணும் என்று பின்வந்தோர் கற்றனர். தோட்ட மக்களிடத்து அவ்வச்சத்திற்கு இடமில்லை. 1947இல் மஸ்கெலியாத் தொகுதி ஜி. ஆர். மோத்தாவைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின், அவரைத் தெரிந்தோரிற் பெரும்பாலார் வாக்காளர் இடாப்பிலிருந்தே நீங்கினர்.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையான பின்னரே, 1977 முதலாகப் பாடசாலைகள் பெருந்தொகையாக அரசாங்கத்தைச் சேர்ந்தன. பிற்காலத்திற் சுவீடன் நாட்டு உதவியாற் புதிய கட்டடங்களும் எழுந்தன. கட்டடம் ஒரு முறைச் செலவு, அயல்நாட்டார் கொடுக்கலாம். கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் ஆசிரியரோ ஆண்டுதோறும் மீண்டுவருஞ் செலவு; ஓய்வூதியம் வரையில் அதனைத் திறைசேரியே தாங்குதல் வேண்டும்.