மாதுளைக்கும் குளிர் ஆகாது

"மேலே நல்ல நிறம், அறுத்தால் முத்தெல்லாம் வெளிறி, நடுச் சவ்வு பழுப்பாக இருக்கிறது. கடைக்காரர் பழைய பழத்தைத் தலையில் கட்டிவிட்டாரா?" என்று கோவை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அநேகமாகக் கடைக்காரரும் ஏமாந்தவர்தான்.

குளிர்பதனக் கிடங்கில் ஆப்பிளை 0 டிகிரியை ஒட்டி வைக்கலாம். மாதுளை 5 டிகிரிக்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால், உறையாமலே அடிபடும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் கட்டிக்கொள்வதுபோல, செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புப் படலம் இறுகிக் கசியத் தொடங்கும். அதுவரை தனித்தனியே இருந்த துவர்ப்புப் பொருளும் நொதியும் கலந்து பழுப்பேறும். மாதுளை ஓட்டில் துவர்ப்புக்குப் பஞ்சமில்லை. தோல் பதனிடவே அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், குளிரில் இருக்கும்வரை இந்தக் காயம் அவ்வளவாகத் தெரியாது. வெளியே எடுத்து நம் ஊர் வெக்கையில் சில நாள் வைத்த பிறகே தோலில் குழி விழும், சவ்வு நிறம் மாறும். கோளாறு கிடங்கில்; பழி பழக்கடைக்கு. இடம் மிச்சம் என்று ஆப்பிள் அறையிலேயே மாதுளையையும் அடுக்குவது என்ன சிக்கனமோ!

நெடுநாள் வைக்க 5 முதல் 7 டிகிரியும் 90 முதல் 95 சதவீத ஈரப்பதமும் வேண்டும். காற்று வறண்டால் ஓடு சுருங்கும். தாமதமாகப் பறித்து மாதக்கணக்கில் வைத்த பழத்தில் காம்புப் பக்கமிருந்து பழுப்பு படர்வதும் உண்டு. அறையில் ஆக்சிஜனை 5 சதவீதமாகக் குறைத்து, கார்பன் டை ஆக்சைடை 15 சதவீதமாக உயர்த்தினால் அது மட்டுப்படும். சுருக்கமும் இந்தப் பழுப்பும் பெரும்பாலும் ஓட்டோடு சரி, உள்ளே முத்து நன்றாகவே இருக்கும். அதைத்தான் நாம் அழகில்லை என்று ஒதுக்குகிறோம். பளபளப்புக்குக் காசு கொடுத்தே பழகிவிட்டோம்.

உள்ளே கருத்து அழுகுவது வேறு கதை. பூக்கும்போதே பூசணம் உள்ளே போய்விடும். எந்தக் கிடங்காலும் அதைத் திருத்த முடியாது. அப்படிப்பட்ட பழம் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பெரும்பாலும் எடை குறைவாக இருக்கும். ஒரே அளவில் இரண்டைக் கையில் தூக்கிப் பார்த்து, கனமானதை வாங்குங்கள். வீட்டு பிரிட்ஜில் ஃப்ரீசருக்கு அடியில் வைக்காமல் காய்கறித் தட்டில் போடுங்கள். அங்கும் மாதக்கணக்கில் மறந்துவிட வேண்டாம்.