செகண்ட் ஹேண்ட் தார் வாங்குறீங்களா? 'எம்.எல்.டி. இருக்கு சார்' என்ற ஒரு வார்த்தைக்கு 60,000 கொடுக்காதீங்க

போன மாசம் ஒரு க்ளையன்ட் போன் பண்ணினார். ஐ.டி. வேலை, வயசு 28. 2023 மாடல் மஹிந்திரா தார், எல்.எக்ஸ். டீசல், ஃபோர் வீல் டிரைவ். விலை பேசி முடித்துவிட்டார். கடைசி நேரத்தில் விற்பவர், "இதுல எம்.எல்.டி. இருக்கு, அதுக்கு 60,000 எக்ஸ்ட்ரா" என்றிருக்கிறார். கூடப் போன மெக்கானிக் பின்சக்கரங்களைத் தூக்கி, கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, "இல்லவே இல்லை" என்றாராம்.

"சார், யாரை நம்புறது?"

ரெண்டு பேரையும் வேண்டாம், பேப்பரை நம்புங்க என்றேன்.

முதல்ல கணக்கு. அந்த 60,000-ஐ 13% வட்டியில் 5 வருஷ லோனில் சேர்த்தால், மாசம் சுமார் 1,365 ரூபாய். முடியும்போது நீங்கள் கட்டியிருப்பது கிட்டத்தட்ட 81,900. உறுதியாகத் தெரியாத ஒரு பாகத்துக்கு இது பெரிய தொகை இல்லையா?

அது என்ன எம்.எல்.டி.?

வண்டி திரும்பும்போது வெளிப்பக்க சக்கரம் வேகமாகவும் உள்பக்க சக்கரம் மெதுவாகவும் சுற்ற வேண்டும். அதற்கு வழி செய்வது டிஃபரன்ஷியல். சிக்கல் என்னவென்றால், ஒரு சக்கரம் சேற்றில் மாட்டினால் அது மட்டும் சும்மா சுற்றும், தரையைப் பிடித்திருக்கும் மற்றது நகராது. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இதைக் கட்டுப்படுத்தும். எம்.எல்.டி. எனும் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் ஒரு படி மேலே போய், இரண்டு சக்கரங்களையும் பூட்டி ஒன்றாகச் சுற்றவைக்கும். ஈட்டன் நிறுவனத்தின் தயாரிப்பு. பட்டன் கிடையாது, தானாகவே வேலை செய்யும்.

குழப்பம் இங்கேதான். 2023 ஜனவரியில் மஹிந்திரா தாரை மாற்றியது. ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கு பிரேக் மூலம் வேலை செய்யும் எலக்ட்ரானிக் முறை வந்தது. எம்.எல்.டி. எல்.எக்ஸ். டீசலில் ஆப்ஷனாக மாறியது. அதனால் 'எல்.எக்ஸ். டீசல்னா எம்.எல்.டி. இருக்கும்' என்பது 2023-க்குப் பிறகு செல்லாது.

எப்படி செக் பண்றது?

1. ஒரிஜினல் இன்வாய்ஸ் கேளுங்க. ஷோரூம் கொடுத்த பில்லில் வேரியன்ட் பெயர் முழுசாக இருக்கும். ஆர்.சி.யை மட்டும் வைத்து முடிவு செய்யாதீங்க. தயாரிப்பு மாதத்தையும் பாருங்க. 2023-ல் பதிவான வண்டி 2022-ல் தயாரானதாக இருக்கலாம்.

2. சேஸிஸ் நம்பரோடு ஆதரைஸ்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்க. அந்த வண்டிக்கு எந்த டிஃபரன்ஷியல் என்று கேளுங்க. சர்வீஸ் ஹிஸ்டரியையும் அப்படியே வாங்கிடுங்க.

3. கையால் சுற்றும் டெஸ்டை மட்டும் நம்பாதீங்க. சாதாரண டிஃபரன்ஷியலில், கியர் நியூட்ரலில் இருக்க, ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றும். கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப்பில் ரெண்டும் ஒரே திசையில் சுற்றும். ஆனால் எம்.எல்.டி. பூட்டுவதற்கு இரு சக்கரங்களுக்கும் நிமிஷத்துக்கு சுமார் 100 சுற்று வித்தியாசம் வேண்டும். மெதுவாகக் கையால் சுற்றினால் எம்.எல்.டி. இருக்கிற வண்டியும் இல்லாத மாதிரியே காட்டும்! மெக்கானிக் சொன்னது சரியா தப்பா என்று அந்த டெஸ்டால் சொல்லவே முடியாது.

4. மண்ணில் ஓட்டிப் பாருங்க. ஒரு பின்சக்கரம் மட்டும் லூஸ் மணலில் இருக்கட்டும். டூ வீல் டிரைவில் மெதுவாக ஆக்ஸிலரேட்டர் கொடுங்க. எம்.எல்.டி. என்றால் சக்கரம் கொஞ்சம் சுழன்று, 'டக்' என்று பூட்டி வண்டி நகரும். பிரேக் முறை என்றால் ஏ.பி.எஸ். வேலை செய்வது போல 'கர்ர் கர்ர்' சத்தம் வரும். தெரிஞ்ச ஆளோடு மட்டும் செய்யுங்க.

5. இருந்தால், நல்லா இருக்கா? திருப்பங்களில் பின்பக்கம் அதிர்கிறதா, ஊளைச் சத்தம் வருகிறதா என்று கவனியுங்க. பின்னாடி ரெண்டு டயரும் ஒரே சைஸா, ஒரே அளவு தேய்ந்திருக்கா என்று பாருங்க. டிஃபரன்ஷியல் ஆயிலில் இரும்புத் துண்டுகள் வந்தால் பேசாமல் திரும்பிடுங்க.

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும்போது ரசீதில் 'எம்.எல்.டி. பொருத்தப்பட்டது, இல்லையெனில் அட்வான்ஸ் முழுவதும் திருப்பித் தரப்படும்' என்று எழுதி கையெழுத்து வாங்குங்க. இருக்குன்னு உறுதியா சொல்றவர் எழுதித் தர ஏன் தயங்கணும்?

உங்களுக்கு அது வேணுமா?

சுமார் 30 கி.மீ. வேகத்துக்கு மேல் எம்.எல்.டி. பூட்டாது. ஓ.எம்.ஆர். டிராஃபிக்கிலும் கொடைக்கானல் தார் ரோட்டிலும் அது பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். வருஷத்தில் நாலு தடவையாவது சேறு, மணல், காட்டுப் பாதை என்று போகிறவர்களுக்குத்தான் அந்தக் காசு நியாயம்.

க்ளையன்ட் கதைக்கு வருவோம். இன்வாய்ஸில் எம்.எல்.டி. இல்லை. விற்பவர் பொய் சொல்லவில்லை, பிரேக் முறையைத்தான் அவர் எம்.எல்.டி. என்று நினைத்திருக்கிறார். பேப்பரைப் பார்த்ததும் 60,000-ஐ விட்டுவிட்டார். க்ளையன்ட் அதே வண்டியை வாங்கிவிட்டார். அவர் ஆபீஸ் போகத்தான் ஓட்டுகிறார், அதற்கு இது தாராளம்.

நீங்களும் வண்டி பார்க்கிறீர்களா? இன்வாய்ஸைப் பார்க்காமல் டோக்கன் கொடுக்காதீங்க. அடுத்த வீடியோவில் யூஸ்டு கார் லோன் வட்டியைப் பற்றிப் பேசுவோம்.