வட்டமும் விருத்தமும்

இல்லத்திலேயே பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் பெற்றோரே! ஓவியத்தையும் இசையையும் வீண்பொழுதென்று ஒதுக்கிவிடாதீர்கள். அஸருக்குப் பின் கால்மணி நேரம் போதும்.

ஒரு நாள், கவராயத்தால் வட்டம் வரையச் செய்யுங்கள். விரிவை மாற்றாமல் வட்டத்தின் மீதே ஊன்றி, வில் வெட்டும் இடங்களில் மீண்டும் மீண்டும் ஊன்றி வரைந்தால் ஆறிதழ்ப் பூ மலரும். கிரானடாவின் அல்ஹம்ரா மாளிகைச் சுவர்க்கோலங்களுக்கும் வட்டமும் நேர்கோடுமே அடிப்படை என்பதைப் பிள்ளை அப்போது உணரும்.

மறுநாள், உமறுப் புலவரின் சீறாப்புராண விருத்தமொன்றைச் சந்தம் பிசகாமல் பாடச் செய்யுங்கள். இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. விருத்தத்திற்கோ குரலொன்றே போதும். நாதசுர மேதை ஷேக் சின்ன மௌலானா 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றதையும் எடுத்துரையுங்கள்.

கண்ணும் செவியும் இறைவன் தந்த அமானிதங்கள். அவற்றைப் பண்படுத்துவதும் கல்வியே அன்றோ!