காஞ்சியில் கோயில் கணக்கும் நெசவாளர் கணக்கும்

காஞ்சிபுரம்னு சொன்னதும் நமக்கு ரெண்டு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று கோயில், இன்னொன்று பட்டு. கோயிலைப் பற்றி வரலாற்றுப் புத்தகம் பேசும், பட்டைப் பற்றி கல்யாணப் பட்ஜெட் பேசும். ரெண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது குறைவு. ஆனால் இந்த ஊரின் பொருளாதாரம் புரியணும்னா ரெண்டையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வைத்துத்தான் பார்க்கணும். அந்தப் புத்தகத்தில் நெசவாளரின் பெயர் எந்தப் பக்கத்தில் இருந்தது, இப்போ எந்தப் பக்கத்தில் இருக்கு என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஊர். மணிமேகலை காப்பியம் வந்து முடியும் இடம் காஞ்சி. கடம்ப வம்சத்தைத் தொடங்கிய மயூரசர்மன் படிக்க வந்தது காஞ்சியின் கடிகைக்கு என்று கர்நாடகத்தில் உள்ள தாளகுண்டா கல்வெட்டு சொல்லுது. ஏழாம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் இங்கே வந்தார். அதே நூற்றாண்டில் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் நடக்கும் இடம் காஞ்சித் தெருக்கள்தான். அதில் காபாலிகனும் பௌத்தத் துறவியும் ஒரு கபாலத்துக்காகச் சண்டை போடுவார்கள். சைவம், வைணவம், சமணம், பௌத்தம் நாலும் ஒரே ஊரில் வாழ்ந்தன. சமணர் பகுதியின் பெயர் திருப்பருத்திக்குன்றம். ஊர்ப் பெயருக்குள்ளேயே பருத்தி இருப்பதைக் கவனியுங்கள். காஞ்சி நெசவு பட்டோடு தொடங்கியது இல்லை, அதற்கு ரொம்ப முன்னாடியே பருத்தி நெசவு இங்கே இருந்தது.

அடுத்தது கோயில். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலில் ஒரு கன்னடக் கல்வெட்டு இருக்கு. பல்லவர்களை ஜெயித்து காஞ்சிக்குள் வந்த சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதை எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான் என்கிறது அது. பக்தியைப் பற்றிய செய்தியாகத்தான் இதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இதில் இன்னொன்றும் தெரியுது: கோயில் என்பது ஊரின் பொன் இருக்கும் இடம்.

அந்தப் பொன் சும்மா கிடக்கவில்லை. சென்னை அருங்காட்சியகத்தில் உத்தம சோழனின் செப்பேடு ஒன்று இருக்கு. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. காஞ்சி ஊரகத்துப் பெருமாள் கோயிலின், அதாவது இன்றைய உலகளந்த பெருமாள் கோயிலின், வரவு செலவைப் பற்றியது. கோயிலின் பொன் நகரத்துக் குடியிருப்புகளிடமும் அக்கம்பக்கத்து ஊர்ச் சபைகளிடமும் வட்டிக்கு விடப்பட்டிருந்தது. அசல் அப்படியே இருக்கும், வட்டியிலிருந்து பூஜையும் திருவிழாவும் நடக்கும். இன்றைய பாஷையில் சொன்னால் ஃபிக்ஸட் டெபாசிட்.

இந்தக் கோயில் காரியத்தைப் பார்க்கும் பொறுப்பு யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதுதான் முக்கியம். பட்டசாலிகள் என்ற நெசவாளருக்கு. அரசனுக்கு வேண்டிய துணிகளை நெய்வதற்காக நகரத்தின் சில சேரிகளில் குடியேற்றப்பட்டவர்கள் இவர்கள். (சேரி என்றால் அன்றைக்குக் குடியிருப்பு என்றுதான் அர்த்தம்.) ஆக, தறியில் உட்கார்ந்த சமூகமே கோயிலின் கணக்கையும் பார்த்தது.

ஒப்பிட ஓர் இத்தாலிய ஊரை எடுத்துக்குவோம். ஃபுளோரன்ஸும் துணியால் பணக்காரனான ஊர்தான். அந்த ஊரின் பெரிய தேவாலயத்தைக் கட்டும் பொறுப்பு 1331ல் கம்பளித் தொழிலின் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. புருனெல்லெஸ்கி எழுப்பி 1436ல் முடிந்த அந்தப் பிரம்மாண்டமான குவிமாடத்துக்குப் பின்னால் இருந்தது கம்பளி வியாபாரிகளின் நிர்வாகம். அதே புருனெல்லெஸ்கியைக் கொண்டு அனாதைக் குழந்தைகளுக்கு ஓர் இல்லம் கட்டியது பட்டுச் சங்கம். துணி, கோயில், பணம் மூன்றும் அங்கேயும் ஒரே கணக்கில்தான் ஓடின.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஃபுளோரன்ஸ் சங்கத்தில் இருந்தவர்கள் முதலாளிகள். கம்பளியைச் சீவி, அடித்து, கூலி வாங்கியவர்களுக்கு அங்கே இடம் கிடையாது. 1378ல் அவர்கள் கிளர்ச்சி செய்தார்கள், தங்களுக்கென்று சங்கமும் பெற்றார்கள், சில வருடங்களுக்குள் எல்லாம் பறிபோனது. காஞ்சியில் எல்லா நெசவாளரும் ராஜா மாதிரி வாழ்ந்தார்கள் என்று நான் சொல்ல வரலை. அரசனுக்கு நெய்தவர்கள் என்ற தனிச் சலுகை பட்டசாலிகளுக்கு இருந்தது. இருந்தாலும் நெய்கிறவன் என்ற அடையாளத்தோடேயே ஒருவர் ஊரின் பொதுப் பணத்துக்குப் பொறுப்பாக இருக்க முடிந்தது. விஜயநகர காலத்திலும் இந்த மரியாதையின் தடம் தெரியுது. வேறு ஊர்க் கைக்கோளர்கள் தண்டு, சங்கு உரிமைகளைப் பெற்றபோது, காஞ்சிக் கைக்கோளருக்கு இருப்பது போல என்று காஞ்சியையே அளவுகோலாகக் காட்டும் கல்வெட்டுகள் உண்டு.

இப்போ இன்றைக்கு வருவோம். பிள்ளையார்பாளையம் மாதிரி பகுதிகளில் பெரும்பாலான நெசவாளர் நெய்வது கூலிக்கு. கூட்டுறவுச் சங்கமோ மாஸ்டர் வீவரோ பாவு, ஊடை, ஜரிகை எல்லாம் கொடுப்பார்கள். புடவையாக நெய்து கொடுத்தால் கூலி. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருது, ஜரிகை என்றால் சூரத். ரெண்டின் விலையும் நெசவாளர் கையில் இல்லை, கடையில் ஒட்டும் விலையும் அவர் கையில் இல்லை. கல்யாணம், வைத்தியம், படிப்பு என்று செலவு வந்தால் தறி கொடுத்தவரிடமே முன்பணம். அதைக் கூலியில் கழித்துக்கொண்டே போவார்கள். கோயில் டெபாசிட்டுக்குப் பொறுப்பாக இருந்த தொழில், முன்பணத்தில் ஓடும் தொழிலாகிவிட்டது. கூட்டுறவுச் சங்கங்கள் இந்தப் பிடியைத் தளர்த்தத்தான் வந்தன. நெசவாளர் குடும்பத்தில் 1909ல் காஞ்சியில் பிறந்த அண்ணாவின் பெயரிலேயே ஒரு பட்டுக் கூட்டுறவுச் சங்கம் இருக்கு. ஆனாலும் சங்கத்துக்கு வெளியே நெய்பவர்கள் நிறைய.

தொழில்நுட்பத்தையும் கொஞ்சம் பார்க்கணும், ஏனென்றால் சிக்கல் அங்கேயும் இருக்கு. அசல் காஞ்சிப் புடவையின் அடையாளம் கோர்வை. உடலும் கரையும் வேறு வேறு நிறம், ஆனால் நிறம் ஒன்றோடொன்று கலக்காது. இதற்கு மூன்று நாடா வேண்டும்: உடலுக்கு ஒன்று, ரெண்டு கரைக்கும் ஒவ்வொன்று. தறியில் நெசவாளர் ஒருவர், பக்கத்தில் நாடாவைத் தள்ளிவிட இன்னொருவர். அந்த இன்னொருவர் பல காலம் வீட்டுப் பிள்ளையாக இருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது சரியான மாற்றம், அதில் ரெண்டாவது பேச்சே இல்லை. ஆனால் அந்த இடத்துக்கு ஒரு பெரியவரை வைத்தால் அவருக்கும் கூலி வேண்டும். ஒரு புடவையின் கூலி ரெண்டு பேருக்குப் போதாதபோது, முதலில் கைவிடப்படுவது கோர்வைதான்.

சட்டப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கும் சட்டம் 1985ல் வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005ல் கிடைத்தது. ரெண்டும் புடவையின் பெயரைக் காப்பாற்றும், நெய்பவரின் கூலியைப் பற்றி அவை பேசுவதில்லை.

அந்த இடைவெளியில்தான் வண்டலூர் - வாலாஜாபாத் சாலை வருது. எங்க ஏரியாவிலிருந்து காஞ்சிக்குப் போகும் வழி இது, ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நடுவில் ஒரகடம். ரெனோ - நிஸான் தொழிற்சாலை 2010ல் திறந்தது இங்கேதான். நெசவாளர் வீட்டு இளைஞன் இந்தப் பக்கம் வேலைக்கு வந்தால் மாதச் சம்பளம், பி.எஃப்., ஷிஃப்ட் முடிந்தால் வீடு. தறியில் உட்கார்ந்தால் கூலி, முன்பணம், முதுகுவலி. அவன் கலையை மறந்துட்டான் என்று வருத்தப்படுவதில் அர்த்தம் இல்லை. அவன் கணக்குப் பார்த்தான். அவன் முன்னோர்கள் பார்த்த அதே மாதிரிக் கணக்குதான், அவனுக்குச் சரியாகவும் வருது.

அதனால் காஞ்சிப் பட்டை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்பதை விட, காஞ்சி நெசவாளரை மறுபடியும் கணக்கின் வரவுப் பக்கத்துக்கு எப்படிக் கொண்டுவருவது என்று கேட்பது நல்லது. விற்பனை விலையில் அவருக்கு எவ்வளவு பங்கு, கோர்வைக்கு ரெண்டாவது ஆளின் கூலியை யார் கொடுப்பது, பாவும் ஜரிகையும் சொந்தமாக வாங்க அவருக்குக் கடன் எங்கே கிடைக்கும். எல்லாமே எண்ணில் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். அடுத்த முறை கல்யாணப் பட்டு எடுக்கப் போனால், கோர்வையா என்று கேளுங்கள். கூடவே, நெய்தவருக்கு இதில் எவ்வளவு போகுது என்றும் கேட்டுப் பாருங்கள். பதில் வராமல் போகலாம். ஆனால் கேட்க ஆள் இருக்கு என்று கடைக்காரருக்குத் தெரியணும்.