கண்ணாடியில் நின்ற ஊர்கள் – 6: படம் விற்ற மளிகைக்காரர்

சென்ற வாரம் தாமஸ் அன்னானோடு கிளாஸ்கோ சந்துகளில் நடந்தோம். இடிக்கப்போகும் வீடுகளை இடிப்பதற்கு முன்னால் படம் எடுத்துத் தரும்படி நகர மேம்பாட்டு அறக்கட்டளை அவரைக் கேட்டது. 1868 முதல் 1871 வரை எடுத்துக் கொடுத்தார். இந்த வார ஆளை அப்படி யாரும் அழைக்கவில்லை, கூலியும் பேசவில்லை. பிரிட்டனின் ஊர்களையெல்லாம் படமாக்கிவிடுவது என்று அவராகவே கிளம்பினார். ஊர்ப்பாசமோ வரலாற்று ஆர்வமோ முதல் காரணமில்லை. நன்றாகப் போகும் சரக்கு என்று அவருக்குப் பட்டது.

பிரான்சிஸ் ஃப்ரித் 1822-இல் டெர்பிஷயரில் உள்ள செஸ்டர்ஃபீல்டில் பிறந்தவர். குவேக்கர் குடும்பம். குருமார், சடங்கு, படாடோபம் எதுவும் வேண்டாம் என்று ஒதுங்கி வாழ்ந்த கிறிஸ்தவப் பிரிவு அது. பேரம் கிடையாது, சொன்ன விலைதான் விலை என்று கடை நடத்தியே பேர் வாங்கியவர்கள். ஷெஃபீல்டில் கத்தி, கரண்டித் தொழில் பழகப் போன ஃப்ரித், இருபத்தோரு வயதில் மனம் உடைந்து படுத்துவிட்டார். தேறி எழுந்தபின் லிவர்பூலில் மொத்த மளிகை வியாபாரத்தில் இறங்கினார். 1850-களின் நடுவில் அதை விற்றபோது, மிச்ச ஆயுளுக்கு ஒரு பென்னிகூடச் சம்பாதிக்கத் தேவையில்லாத ஆளாகியிருந்தார். அப்போது வயது முப்பத்தைந்தைத் தொடவில்லை.

கையில் பணம், முன்னால் நீண்ட நேரம். அன்றைக்குப் புகைப்படம் வசதி படைத்தவர்களின் புதுப் பித்து. 1853-இல் லிவர்பூல் புகைப்படச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஃப்ரித்தும் ஒருவர். 1856-க்கும் 1860-க்கும் இடையே மூன்று முறை எகிப்துக்கும் பாலஸ்தீனப் பக்கத்துக்கும் போனார். அப்போதைய ஈரக் கொலோடியன் முறை ஒரு சித்திரவதை. கண்ணாடித் தகட்டில் பிசுபிசுத்த கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்து எடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியும் முடிக்க வேண்டும். நைல் கரை வெயிலில், மூடிய கூடாரத்துக்குள், தகட்டில் ஊற்றும்போதே கொலோடியன் கொதித்தது. மணல் ஒட்டியது, ஈ ஒட்டியது. அப்படியும் இருபது அங்குல நீளத் தகடுகளில் பிரமிடுகளை ஊருக்குக் கொண்டுவந்தார். லண்டனில் நன்றாக விற்றன.

அதே வருடங்களில் நம் பக்கத்தையும் ஒரு நடை பார்த்துவிடலாம். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை எல்லாவற்றையும் படமெடுத்தார். 1860 வாக்கில் ஆளுநர் ட்ரெவெல்யன், இது வீண்செலவு என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார். அரசுப் பணத்தில் நடந்தது ஓர் உத்தரவில் முடிந்தது; கல்லாப்பெட்டியை நம்பி நடந்தது நூறு வருடத்துக்கு மேல் ஓடியது. வியாபாரத்துக்கு வக்காலத்து வாங்க இதைச் சொல்லவில்லை. நடந்தது அப்படி.

1860-இல் ஃப்ரித் கல்யாணம் செய்துகொண்டார். லண்டனுக்குத் தெற்கே, சர்ரேயில் உள்ள ரீகேட் என்ற சிற்றூரில் குடியேறி நிறுவனத்தையும் அங்கேயே வைத்தார். முதலில் தானே கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். பிறகு ஆட்களை அமர்த்தி நாலா திசைக்கும் அனுப்பினார். தகடுகள் ரீகேட்டுக்கு வந்து சேரும். கோழிமுட்டையின் வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில், வெயிலில் வைத்து, பிரதி எடுப்பார்கள். ஊர்ப் பெயரும் வரிசை எண்ணும் போட்டுப் புத்தகக் கடைகளுக்கும் காகிதக் கடைகளுக்கும் அனுப்புவார்கள். யாரோ ஒரு கணக்குப்பிள்ளை சரக்கு தேடுவதற்காகப் போட்ட அந்த எண்தான் இன்று படத்தின் வருடத்தைச் சொல்லும் சாட்சி.

வாங்கியவர்கள் யார்? ரயிலில் வந்து இறங்கியவர்கள். 1871-இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது. கடற்கரை ஊர்களுக்குக் கூட்டம் புறப்பட்டது. வந்தவர்களிடம் கேமரா இல்லை. பொத்தானை அமுக்கினால் போதும் என்ற கோடாக் பெட்டி வர 1888 ஆகவேண்டும். போய்வந்த ஊருக்கு அத்தாட்சி வேண்டுமென்றால் கடையில் வாங்கத்தான் வேண்டும். இதைக் கண்டுகொண்டவர் ஃப்ரித் மட்டுமல்ல: அபர்டீனில் ஜார்ஜ் வாஷிங்டன் வில்சன், டண்டீயில் வாலன்டைன் குடும்பம் என்று ஸ்காட்லாந்தில் பெரிய போட்டியாளர்கள் இருந்தார்கள்.

அடுத்த அலை தபால் துறையிலிருந்து வந்தது. தனியார் அச்சடித்த அட்டைகளை அரைப் பென்னி தபால்தலை ஒட்டி அனுப்பலாம் என்று 1894-இல் அனுமதி கிடைத்தது. முகவரியையும் சேதியையும் ஒரே பக்கத்தில் எழுதலாம், மறுபக்கம் முழுக்கப் படம் இருக்கலாம் என்று 1902-இல் விதி மாறியது. அவ்வளவுதான், நாடே அட்டை எழுத உட்கார்ந்துவிட்டது. நகரங்களில் ஒரே நாளில் பல முறை தபால் பட்டுவாடா நடந்த காலம். சாயங்காலம் வருகிறேன் என்று காலையில் அட்டை போட்டால் ஆளுக்கு முன்னால் அட்டை போய்ச் சேரும். இந்தப் பொற்காலத்தை ஃப்ரித் பார்க்கவில்லை. 1898-இல் பிரான்ஸின் கான் நகரில் இறந்துவிட்டார். மகன்கள் யூஸ்டஸும் சிரிலும் அட்டைக்கு மாறினார்கள். தலைநகரங்களையும் கோட்டைகளையும் தாண்டி, நாற்பது வீடும் ஒரு மதுக்கடையும் உள்ள கிராமத்துக்குக்கூடப் படக்காரர் போனது இந்த அட்டையால்தான். அந்தக் கிராமத்துத் தபால் நிலையத்திலும் அட்டை விற்க வேண்டுமல்லவா?

சரி, இந்தப் படங்களை எப்படிப் படிப்பது? விற்றவர் காட்ட நினைத்தது சர்ச் கோபுரம், பாலம், சந்தைச் சதுக்கம். இன்று நாம் தேடுவது அவர் தவிர்க்க முடியாமல் உள்ளே விட்டதை. 1870-களின் படங்களில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும். ஊரில் ஆளில்லை என்று அர்த்தமில்லை. தகடு ஒளி வாங்கப் பல விநாடிகள் பிடித்தது. நடந்தவர்கள் பதியவே இல்லை, நின்று நகர்ந்தவர்கள் புகைபோல ஓர் ஓரத்தில் தெரிவார்கள். 1880 வாக்கில் சீக்கிரம் பதியும் உலர் தகடுகள் பரவியதும் தெருவுக்கு உயிர் வருகிறது. வாசலில் ஏப்ரனோடு நிற்கும் இறைச்சிக்கடைக்காரர், பெரியவர்களின் தொப்பி போட்ட பையன்கள், பால் வண்டி, சாலை நடுவே குதிரைச் சாணம். கேமராவைப் பார்த்ததும் எங்கிருந்தோ பிள்ளைகள் ஓடிவந்து வரிசையாக நின்றுவிடுவார்கள். படக்காரருக்கு அது தொல்லையாக இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பிள்ளைகளுக்காகவே அட்டையைப் பார்க்கத் தோன்றும்.

காலத்தைக் கண்டுபிடிப்பது தனி விளையாட்டு. தபால் முத்திரையை நம்பி ஏமாறக் கூடாது: அது அட்டை போட்ட தேதி, படம் எடுத்த தேதியல்ல. கடைக்காரர்கள் பழைய சரக்கைப் பல வருடம் வைத்து விற்றார்கள். படத்துக்குள்ளேதான் துப்பு இருக்கும். முச்சந்தியில் கல்லால் ஆன போர் நினைவுச் சின்னம் நின்றால் பெரும்பாலும் முதல் உலகப் போர் முடிந்த பிறகு எடுத்தது. தெருவைக் கடக்கும் இடத்தில் கம்பத்தின் மேல் உருண்டை விளக்கு இருந்தால் 1934-க்குப் பின். தோட்டத்துச் சுற்றுச்சுவரில் இரும்புக் கம்பிகளை அறுத்த மொட்டைகள் மட்டும் தெரிந்தால், இரண்டாம் போரில் இரும்புக்காக வெட்டிக்கொண்டு போனபின் என்று கொள்ளலாம். கூரைகளில் டெலிவிஷன் ஆன்டெனா அடர்ந்திருந்தால், எலிசபெத் ராணியின் முடிசூட்டைப் பார்க்க ஜனங்கள் பெட்டி வாங்கிய 1953-ஐ ஒட்டிய காலம். நிறுவனம் சரக்கைப் புதுப்பிக்க அதே மூலைக்கு மறுபடி மறுபடி ஆள் அனுப்பியது. ஒரே தெருவை 1890-களிலும், 1920-களிலும், 1955-ஐ ஒட்டியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவது அதனால்தான்.

வேண்டுமென்றே வரலாறு எழுத முயன்றவர்களும் இருந்தார்கள். பர்மிங்ஹாம் எம்.பி. பெஞ்சமின் ஸ்டோன் 1897-இல் தேசியப் புகைப்படப் பதிவுச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார். வழக்கொழியும் திருவிழாக்கள், பழைய கட்டடங்கள் எல்லாவற்றையும் எடுத்து வருங்காலத்துக்கென்று பிரிட்டிஷ் மியூசியத்தில் சேர்ப்பது நோக்கம். ஆபட்ஸ் பிராம்லி கிராமத்தில் மான்கொம்பு சுமந்து ஆடும் ஆட்டக்காரர்களை அவர் எடுத்த படம் பிரசித்தம். மதிப்புக்குரிய வேலை. ஆனால் அவர் முன் நின்றவர்கள், தாங்கள் வரலாற்றில் ஏறுகிறோம் என்று தெரிந்து விறைத்து நிற்கிறார்கள். ஃப்ரித் அட்டையின் இறைச்சிக்கடைக்காரருக்கு அந்தக் கவலை இல்லை.

வியாபாரத்துக்கு ஒரு குருட்டுப் புள்ளியும் உண்டு: வாங்க ஆளில்லாததை எடுக்க மாட்டார்கள். மான்செஸ்டர் என்றால் நகரமன்றக் கட்டடம் கிடைக்கும், நெசவுத் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த ஆன்கோட்ஸ் சந்துகள் அபூர்வம். இதற்கு ஒரே மனிதரின் வாழ்க்கையிலேயே சான்று இருக்கிறது. விட்பி துறைமுகத்தில் வாழ்ந்த ஃப்ராங்க் சட்கிளிஃப், இளைஞராக இருந்தபோது ஃப்ரித் நிறுவனத்துக்காக யார்க்‌ஷயரின் பாழடைந்த மடங்களையும் கோட்டைகளையும் எடுத்துக் கொடுத்தார். கேட்டது அதுதான். பிறகு சொந்த விருப்பத்தில் அவர் எடுத்தது மீனவர்களையும், வலை சுமந்த பெண்களையும், 1886-இல் துறைமுகத் தண்ணீரில் அம்மணமாகக் குதித்து விளையாடிய பையன்களையும். இன்று அவர் பெயரை நினைக்கவைப்பது இரண்டாவது வகைதான்.

நிறுவனத்தை ஃப்ரித் குடும்பம் 1960-களின் கடைசியில் விற்றது. சில வருடங்களில் கதவு மூடியது. கலர் அட்டையும் எல்லோர் தோளிலும் தொங்கிய கேமராவும் அந்தத் தொழிலை முடித்துவிட்டன. தகடுகள் என்ன ஆகும் என்று கேட்க ஆளில்லை. புகைப்பட இதழாசிரியர் பில் ஜே ஓடியாடி, அவற்றை ராத்மன்ஸ் சிகரெட் கம்பெனி வாங்கும்படி செய்தார். கிறுக்குத்தனமான ரட்சகர்தான்! பிற்பாடு அந்தக் கம்பெனி அலுவலர் ஒருவரே அவற்றை வாங்கித் தனித் தொகுப்பாக நடத்தினார். 1860 முதல் 1970 வரை, ஏறக்குறைய ஏழாயிரம் ஊர்கள், மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள்.

அதற்குள் வாங்குகிறவர் மாறியிருந்தார். முன்பு வெளியூர்க்காரர் வாங்கினார், இப்போது அந்த ஊரில் பிறந்து எங்கேயோ குடிபோனவர் வாங்குகிறார். வாங்குவதோடு நிற்பதில்லை, தனக்குத் தெரிந்ததையும் எழுதி அனுப்புகிறார். இந்த மூலையில்தான் பேக்கரி, விடியற்காலையில் தெருவே மணக்கும். அந்தப் பச்சைக் கதவு பல் டாக்டர் வீடு. கறுப்பு வெள்ளைப் படத்தில் கதவு பச்சை என்று சொல்ல வேறு யாரால் முடியும்? இன்னொருவர் வந்து, பச்சை இல்லை, நீலம் என்பார். இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். தேதியில் நினைவு தடுமாறும், யார் யாருக்குக் கடன் வைத்திருந்தார்கள் என்பதில் தடுமாறாது. 1950-களின் கேரவன் முகாம் படங்களைப் பார்த்து அந்தக் காலத்து ரசனைக்காரர்கள் முகம் சுளித்திருப்பார்கள். முதன்முதலாகக் கடலைப் பார்த்தது அங்கேதான் என்று எழுதுகிறவர்களுக்கு அது மடங்களைவிடப் பெரிய இடம்.

பிரைட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைகளில் அந்த ஊர் என்றால் ராயல் பெவிலியன், கடலுக்குள் நீளும் நடைபாலங்கள், குடை பிடித்த சீமாட்டிகள். 1972-இல் அங்கே குடியிருப்போர் சேர்ந்து குவீன்ஸ்பார்க் என்ற சிறு பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் புத்தகம், ஆல்பர்ட் பால் என்பவர் 1903 முதல் 1917 வரையிலான தன் பிள்ளைப் பருவத்தைச் சொன்னது. தலைப்பிலேயே வறுமையும் கஷ்டமும் மகிழ்ச்சியும் சேர்ந்து நிற்கும். அட்டை வியாபாரம் உச்சத்தில் இருந்த அதே வருடங்கள், அதே ஊர். கடற்கரையிலிருந்து சில தெரு தள்ளி வாழ்ந்தவர்களின் பிரைட்டனுக்கு அட்டை கிடையாது, புத்தகம்தான் உண்டு. இரண்டையும் ஒன்றாக மேசையில் வைத்துப் படிக்கிற உள்ளூர் வரலாற்றுக் குழுக்கள் இன்று பிரிட்டனில் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

அடுத்த வாரம் ஃப்ரித் பிறந்த டெர்பிஷயருக்கே போகிறோம். அங்கே டெர்வென்ட் என்ற கிராமம் இரண்டாம் போர் சமயத்தில் லேடிபவர் அணைக்குள் போனது. சர்ச் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்து, 1947-இல் அதையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய அட்டைகளை வைத்துக்கொண்டு அந்த ஊரின் தெருக்களை அளந்து பார்ப்போம்.

(தொடரும்)